பாபு சாப்பிட்ட இலை

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறேன், ஒரு மழைக்காலத்தில் வேறு இடம் கிடைக்காமல் சுடுகாட்டுக் கொட்டகையில்கூடப் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைக் கடித்ததில்லை. அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இது ராத்திரியில் நடந்ததுகூட இல்லை. பட்டப்பகல். பக்கத்து வீட்டு டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் யாரோ மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார்கள், வெயில் ஜன்னல் கம்பி வழியாக நேராகத் தரையில் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருடங்களில் தாம்பரம் பக்கம் செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்த்தேன். அப்போது சேலையூர், சிட்லபாக்கம், அஸ்தினாபுரம் எல்லாம் பாதாளச் சாக்கடை இல்லாத இடங்கள், வீட்டுக்கு ஒரு டேங்க். நிறைந்தால் எங்களுக்கு போன் வரும். லாரியை ஓட்டியவர் கஜா அண்ணன். மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு, அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுப்பது நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிடக் கஷ்டமான வேலைகளும் கிடைத்திருக்கின்றன, இதைவிடச் சுலபமானவையும் கிடைத்திருக்கின்றன, எதிலும் நான் நிலைத்ததில்லை. விழுப்புரம் பக்கம் ஒரு அனாதை விடுதியில் வளர்ந்தேன். அங்கிருந்து திருப்பூர், ஓசூர், கொஞ்ச நாள் பெங்களூர், அப்புறம் தாம்பரம். பெற்றவர்கள் யாரென்று தெரியாது. அதைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அருவருப்பு என்பது எனக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தெரு மனிதர்கள் வருடக்கணக்கில் கழித்தது முழங்கை வரை ஏறி நிற்கும், கழுவிவிட்டு அடுத்த அரை மணியில் பரோட்டா சாப்பிடுவேன். மற்றவர்களுக்குத்தான் எங்களைப் பார்த்தால் குமட்டும். அதில் தப்பு சொல்ல முடியாது, நாற்றம் அப்படி. தண்ணீர் கேட்டால் பழைய பாட்டிலில் பிடித்து, கேட்டுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு, பாட்டிலை நீங்களே வெச்சிக்கோங்க என்பார்கள். கஜா அண்ணன் அப்படிச் சேர்ந்த பாட்டில்களையெல்லாம் சீட்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். "நம்ம மேல கீற கப்பு நாத்தத்துக்கு பேய்கூட கிட்ட வராதுடா" என்பார்.

அஸ்தினாபுரத்தில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனது சித்திரை வெயிலில். மாடி இல்லாத சின்ன வீடு, பின்பக்கம் டேங்க். போன மாதம்தான் எடுத்தோம், அதற்குள் மறுபடியும் பொங்குகிறது என்றார் வீட்டுக்காரர். குரோம்பேட்டையில் ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர், அவரை நான் கடைசி வரை சார் என்றுதான் கூப்பிட்டேன். சிலாபைத் தூக்கினால் மேலே மிதந்தது முழுக்கச் சோறு. செரித்த சோறு இல்லை. பருக்கை பருக்கையாக, வாழை இலைக் கிழிசல்களோடு, பாதி கரையாத வடையோடு. இத்தனை சோற்றைக் கக்கூஸில் கொட்டுகிறவர்களும் உண்டா என்று நினைத்தேன், கேட்கவில்லை. அந்த மாதிரிக் கேள்வி கேட்டால் அடுத்த முறை வேறு லாரியைக் கூப்பிடுவார்கள்.

வேலை முடித்துக் கை கழுவும்போது அந்த அம்மா பின்வாசலுக்கு வந்து நின்றது. ஐம்பது வயது இருக்கும், அழுது அழுது கண்ணுக்குக் கீழே தோல் தொங்கிப் போயிருந்தது. மூக்கை மூடவில்லை. அதை முதலில் கவனித்தேன்.

"ஊர்ல யாருப்பா இருக்காங்க உனக்கு?"

"யாரும் இல்லம்மா."

"அம்மா அப்பா?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க, சித்தப்பா, மாமான்னு யாராச்சும்?"

"யாருமே இல்லம்மா."

அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பாவப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெயர் கேட்டது, செல்வம் என்றேன். அமாவாசையன்று வேலை வைத்துக்கொள்ளாதே, குளித்துவிட்டு மத்தியானம் வா, நம்ம வீட்டில் சாப்பிடு என்றது. நம்ம வீட்டில். நான் லாரியில் ஏறியும் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தேன். கஜா அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாப்ள பாக்கறாங்கடா உன்ன, அந்த வூட்ல பொண்ணு கீது, நான் பாத்தேன்" என்று சிரித்தார்.

அமாவாசையன்று சோப்பு தேய்ந்து துண்டாகும் வரை குளித்தேன். நகத்துக்குள் ஊசி விட்டுச் சுத்தம் செய்தேன். இருந்த சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு போனேன். எல்லோரும் வெளியே வராண்டாவில் நின்றிருந்தார்கள், சார், அம்மா, அவர்கள் பெண் சுதா. ஹால் கதவு சாத்தியிருந்தது. உள்ளே படையல் போட்டிருக்கிறது, கொஞ்சம் பொறு என்றார் சார். செத்துப்போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, அவர் கூச்சமில்லாமல் வந்து சாப்பிடட்டும் என்று வீட்டு மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பது எங்கள் பக்கமும் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து சார் கையைத் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

படத்தில் இருந்தது அவர்கள் பையன் பாபு. என் வயதுதான். காட்டாங்குளத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன், நண்பர்களோடு கோவளத்துக்குக் குளிக்கப் போய், அலை இழுத்துக்கொண்டு போய், அடுத்த நாள் மீன்பிடிக்கிறவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சிரித்த படம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி.

அம்மா என்னைப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, புது இலை போடாமல், அந்தப் படையல் இலையையே என் பக்கம் நகர்த்தியது.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் விடுதியில் இருந்தபோது எங்களுக்குச் சமைத்தவர் தன் வீட்டில் படையல் போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வடையும் பாயசமும் கொண்டுவருவார். அந்த இலைச் சோறும் வேண்டும் என்று ஒரு முறை கேட்டேன். அது பங்காளிங்க சாப்பிடறது, உனக்கில்ல போ என்றார். அது எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. வெளியாளுக்கு வடை கொடுப்பார்கள், பாயசம் கொடுப்பார்கள், படையல் இலையைக் கொடுக்க மாட்டார்கள். அதை உண்ண வீட்டு ரத்தம் வேண்டும். இப்போது ஒரு வீட்டில், லாரிக்காரனான என் முன்னால் அந்த இலையை நகர்த்துகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பினால் நம்புங்கள், அந்த நிமிடம் அந்த அம்மா என்ன கேட்டிருந்தாலும் செய்திருப்பேன்.

அப்புறம்தான் இலையைப் பார்த்தேன். வடை கடித்திருந்தது. சோற்றில் ஒரு பக்கம் நான்கு விரல் அளவுக்குப் பறித்திருந்தது, பறித்த இடம் சாம்பாரால் இல்லை, வேறு ஏதோ ஈரத்தால் நனைந்து பளபளத்தது. உருளைக்கிழங்கு வறுவலில் பாதி மென்ற துண்டு ஒன்று நார் நாராகக் கிடந்தது. யாரோ ருசி பார்த்திருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முதல் வாயை எடுத்து வைத்தேன்.

அது என்ன ருசி என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்ல வராது. குளிர்ந்திருந்தது, சூடான சோற்றுக்கு நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் குளிர்ந்திருந்தது. உப்பு. கடற்கரையில் செத்து ஒதுங்கிய மீனைப் புரட்டினால் வருமே, அந்த வாடை மூக்குக்கு இல்லை, நாக்குக்கு வந்தது. கூழ் மாதிரி வழவழப்பு, இன்னொருத்தர் வாய்க்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த மாதிரி, அதற்கு நடுவில் மணல் நறநறத்தது. டேங்குக்குள் கையை விடுகிற நான் அதை அதற்கு மேல் மெல்ல முடியாமல் அப்படியே விழுங்கினேன். எதிரில் அம்மா உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. "முழுசா சாப்பிட்டுடு தம்பி. ஒரு பருக்கை மீதி வைக்கக் கூடாது."

சாப்பிட்டேன். அழுகிய எலியை விழுங்கச் சொன்னாலும் அன்றைக்கு விழுங்கியிருப்பேன். முடித்ததும் சுதா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்து, "குடிங்கண்ணா" என்றது. பாட்டில் இல்லை, சொம்பு. கையில், தரையில் இல்லை. அண்ணா என்று என்னை யாரும் அதற்கு முன்னால் கூப்பிட்டதில்லை, மட்டமாகக் கூப்பிடுகிற பெயர்கள்தான் எனக்குத் தெரியும். கிளம்பும்போது அம்மா பாபுவின் சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தது. தெருமுனையில் கரண்ட் பெட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எடுத்துவிட்டு, அந்தப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் என் செல்போனுக்கு அழைப்பு வந்தது. நாளைக்கு வந்துடுப்பா என்றது அம்மா. இந்த முறை சீக்கிரமே போனேன். சுதா பரிமாறுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முழு வடை, குவித்த சோறு, உடையாத அப்பளம். எல்லோரும் வெளியே வந்தோம், நான் உட்பட. கதவு என் முதுகுக்குப் பின்னால் சாத்தியிருந்தது, வீட்டுக்குள் வேறு ஆள் இல்லை, ஜன்னலில் கம்பி. உள்ளே ஒரு சத்தமும் கேட்கவில்லை. சார் கை தட்டித் திறந்தபோது வடை கடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். கடித்த விளிம்பின் நடுவில் மாவு ஒரு கோடாக நின்றது, முன்பல்லில் இடைவெளி உள்ளவன் கடித்தால் எப்படி நிற்குமோ அப்படி.

நான் சாரைப் பார்த்தேன். சார் மின்விசிறியைப் போடப் போனார். அம்மா, "உக்காருப்பா" என்றது.

உட்கார்ந்தேன். அதுதான் உண்மை. ஓடவில்லை. பேயைக் கண்டால் ஓட வேண்டும் என்பது வீடு இருக்கிறவர்களுக்கு. நான் ஓடினால் என் அறைக்குத்தான் ஓடவேண்டும், அங்கே ஒரு பாயும் பாபுவின் சட்டைகளும் இருந்தன. பயத்தைவிட அருவருப்புதான் தாங்கவில்லை. பயம் போகப் போகக் குறைந்தது, அருவருப்பு மாதாமாதம் கூடியது. ஒவ்வொரு அமாவாசைக்கும் பறித்த இடம் பெரிதானது, ஈரம் கூடியது. ஒரு தடவை பாயசத்தில் பாசி மாதிரி ஒரு பச்சை இழை கிடந்தது, அதையும் சேர்த்துக் குடித்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தால் சுதா சொம்போடு நிற்கும், "போதுமாண்ணா?" என்று கேட்கும். அது எனக்குப் போதும்.

கஜா அண்ணனிடம் ஒரு நாள் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் லாரியை ஓரம் கட்டிவிட்டார்.

"இன்னாடா சொல்ற? அது எச்ச சோறுடா. செத்தவன் எச்ச."

"வீட்டு ஆளுங்கதாண்ணே அந்த இலையில சாப்பிடுவாங்க."

"அப்ப அந்த வூட்டு ஆளுங்க ஏன் துன்றதில்ல?"

சீட்டுக்கு அடியில் கிடந்த பாட்டில் ஒன்றைக் காலால் உருட்டினேன். "அமாவாசை தவுத்து வேற என்னிக்காச்சும் உனக்கு போன் வந்துகீதா? ஆயுத பூஜைக்கு வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை. அதையும் நான் யோசித்திருந்தேன், யோசித்து மூலையில் தள்ளி வைத்திருந்தேன். அவர் வண்டியை எடுத்தார். அன்று முழுக்க அவர் ஜோக் அடிக்கவில்லை.

அடுத்த முறை போனபோது சுதா தனியாகக் கிடைத்தது, நான் கஜா அண்ணன் கேட்டதையே கேட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது. முதல் மாதம் நாங்கதாண்ணா சாப்பிட்டோம் என்றது. ஆளுக்கு ஒரு வாய்தான், அம்மா பெற்ற பிள்ளை வந்து சாப்பிட்டிருக்கிறான் என்று அழுதுகொண்டே எடுத்து வாயில் வைத்து, வைத்த வேகத்தில் துப்பிவிட்டது, அப்புறம் நாட்கணக்கில் வாந்தி. காக்கைக்கு வைத்தார்கள், காக்கை சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டுப் போனது. தெருநாய் முகர்ந்துவிட்டு வாலை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த மாதத்திலிருந்து யாருக்கும் தெரியாமல் கக்கூஸில் கொட்டினார்கள். அன்று முதல் வீடு முழுக்கச் செத்த மீன் வாடை, எல்லோருடைய தலையணையும் காலையில் ஈரம், டேங்க் பொங்கி முற்றத்துக்கு வந்தது. அவர்கள் சொந்தத்தில் விவரம் தெரிந்த ஒருவர் வந்து, மனுஷ வயிற்றுக்குள்தான் அது போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சொந்தபந்தம் இல்லாத ஆளாக இருந்தால் நல்லது, நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் வராது என்றும் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தப் பெண், "நீங்க வந்தப்புறம் வாடையே இல்லண்ணா" என்றது, நன்றியோடுதான் சொன்னது.

டேங்கில் நான் பார்த்த சோறு அது. கைவிட்டு எடுத்த சோறு. சரி, அதையும் தாங்கிக்கொண்டேன். பெற்றவர்களுக்கே முடியாததை நான் செய்கிறேன், அந்தக் கணக்கில் நான் அவர்களைவிட அந்த வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனுஷன் மனசு எதையும் ஒரு மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

வருடத் திதி வந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள் என்று அம்மா போனில் சொன்னபோது, என்னையும் அவர்களுக்குக் காட்டப்போகிறது என்று எடுத்துக்கொண்டேன். பாபுவின் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. சார் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, தோளில் கை வைக்காமல் கையை மட்டும் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பின்பக்கமாப் போய் இரு தம்பி, எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பட்டும் என்றார்.

பின்பக்கம் உட்கார இடம் என்று டேங்க் மூடிதான் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். உள்ளே பந்தி நடந்தது, சிரிப்பு கேட்டது, யாரோ குழந்தையை அதட்டினார்கள். சமையலறை ஜன்னல் என் தலைக்கு மேலே. காஞ்சிபுரத்து உறவுக்காரி ஒருத்தி, பின்னாடி யாரோ பாபு சட்டைய போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானே, எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு என்றாள். அதற்கு அம்மாவின் குரல் வந்தது. நிதானமாக, காய்கறிக்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

"அது லாரிப் பையன் அண்ணி. அந்த இலைக்காக வருது. அதுங்களுக்கெல்லாம் அருவருப்பே கெடையாது, எதக் குடுத்தாலும் சாப்பிடும்."

நான் எழுந்து போயிருக்கலாம். சுவர் ஏறிக் குதித்தால் தெரு. போகவில்லை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

சொந்தக்காரர்கள் போனார்கள். கதவைச் சாத்தித் திறந்து ஆகிவிட்டது, இலை தயாராக இருந்தது. உட்கார்ந்தேன். எதிரில் அம்மா, நாற்காலியில் சார், சமையலறை வாசலில் சுதா. இலையில் எச்சில் படாத ஓரமாகப் பார்த்து, சுத்தமான சோற்றை எடுத்து, சாம்பார் விட்டு, என் கையால் நன்றாகப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினேன். வாயில் வைக்கவில்லை. அம்மாவிடம் நீட்டினேன்.

"இது அவன் தொடாத பக்கம்மா. நான் பெசஞ்சது. ஒரு வாய் சாப்பிடுங்க. இத்தன மாசம் நான் சாப்பிட்டேன்ல, எனக்காக ஒரே ஒரு வாய்."

அம்மா என் கையைப் பார்த்தது. கவளத்தை இல்லை, கையை. நகத்தைப் பார்த்தது. அந்தக் கை எங்கெல்லாம் போய் வந்தது என்று அதற்குத் தெரியும், அதன் வீட்டு டேங்குக்குள்ளேயே போய் வந்தது. மூக்குக்கு இரண்டு பக்கமும் தோல் சுருங்கி, மேலுதடு லேசாகத் தூக்கி, தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. அதை மறைக்க அந்த அம்மா பாவம் எவ்வளவோ முயன்றது. "இன்னைக்கு நான் விரதம்ப்பா" என்றது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் ஜன்னல் வழியாகக் கேட்டிருந்தேன். கவளத்தை அவர் பக்கம் திருப்பி, சார் என்றேன். அவர் தரையைப் பார்த்தார். சுதாவைப் பார்த்தேன், அண்ணா என்று கூப்பிட்ட வாய். அது உள்ளே போய்விட்டது.

சரி என்று கவளத்தை இலை ஓரத்தில் வைத்தேன். விரலை இன்னும் எடுக்கவில்லை.

இனி சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம், கேட்டால் போதும். கவளத்தின் மேல் பக்கம் அமுங்கியது. ஒரு குழந்தை உதட்டை வைத்து அழுத்துமே, அப்படி. அப்புறம் ஒரு வாய் அளவுக்கு இல்லாமல் போனது. விழவில்லை, சிதறவில்லை, அது இருந்த இடத்தில் இல்லை. நடுவில் ஒரு கோடு சோறு நின்றது, பிறகு அந்தக் கோடும் போனது. பக்கத்து வீட்டு சீரியலில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கவளம் முழுவதும் தீர்ந்து, இலையில் நான் வைத்த இடத்தில் ஒட்டியிருந்த பருக்கைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன, நக்கி எடுக்கிற மாதிரி. கடைசியாக என் விரல் நுனியில் குளிர்ந்த, வழவழத்த ஒன்று பட்டது. விரலில் இருந்த பருக்கை போனது.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. இலையைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கண்டிக்கிற குரலில் மெதுவாகச் சொன்னது.

"வேணாம்டா பாபு. அவன் கை எச்சில்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த அம்மா சொன்னதற்காக இழுத்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த ஈரம் பட்டதும் என் மூக்கின் இரண்டு பக்கமும் தோல் சுருங்கியது, மேலுதடு தூக்கியது, தொண்டை ஏறி இறங்கியது. எனக்கே தெரிந்தது. விரலை வேகவேகமாகச் சட்டையில் துடைத்தேன், அவன் சட்டையில்.

எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் மூன்று பேரும் இலையையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் கடைசியாக ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். இலை மெதுவாக மடிந்துகொண்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை, காற்றில்லை. மீதிச் சோறு, கடித்த வடை எல்லாவற்றையும் உள்ளே வைத்து, நான் உட்கார்ந்திருந்த பக்கத்து விளிம்பு தூக்கி, அந்தப் பக்கமாகப் போய் மூடிக்கொண்டது.

அந்த வாரமே தாம்பரத்தை விட்டு ஓசூருக்குப் போய்விட்டேன். அமாவாசைக்கு முந்தின நாள் போன் அடிக்கும், எடுக்க மாட்டேன், பிறகு நம்பரை மாற்றிவிட்டேன். அந்த வீட்டில் வாடை திரும்பி வந்ததா, வேறு ஆள் கிடைத்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போகவில்லை.

ஆனால் அந்த இலையை மட்டும் என்னால் விட முடியவில்லை. சாப்பிட்டு முடித்தவன் இலையைத் தன் பக்கம் மடித்தால் இந்த உறவு இன்னும் வேண்டும் என்று அர்த்தம், எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்தால் இதோடு போதும் என்று அர்த்தம், இது உங்களுக்கும் தெரிந்ததுதான். அது மடிந்தது எனக்கு எதிர்ப்பக்கமாக. பாபு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அவன் தன் பக்கம் இழுத்து மடித்திருக்கிறான். நான் உட்கார்ந்த இடத்திலேயே, என்னோடு ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் தள்ளி மடித்திருக்கிறான். அவன் எந்தப் பக்கம் இருந்தான் என்று நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், அந்த ஈரம் என் விரலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்து பட்டது என்பதுகூட ஞாபகமில்லை, துடைக்கிற அவசரத்தில் பார்க்கவில்லை. இன்றைக்கும் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு இலையை மடிக்காமல் அப்படியே விட்டு எழுந்துவிடுவேன். எடுக்க வருகிறவர் திட்டுவார். திட்டட்டும் என்று கை கழுவப் போய்விடுவேன், திரும்பிப் பார்ப்பதில்லை.